கத்தி படாத பதினோரு நாட்கள்

அந்தம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது, அடுத்தவர் தேநீரைக் குடித்து முடித்த நொடியில்.

ராஜபாளையத்தில் மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலையில் படப்பிடிப்பு. காலையிலிருந்து ஓடி ஓடி எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேசையில் கண்ணாடி டம்ளர் ஒன்றில் தேநீர் இருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை. ஆறிப்போயிருந்தது. ஓசியில் கிடைப்பதில் சூடு பார்க்கக்கூடாது என்று ஒரே மடக்கில் இறக்கினேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கையில் அட்டையோடு நின்று, டம்ளரையும் என் தொண்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து இதுல முக்கால் இருந்தது,” என்றார்.

திட்டவில்லை. குரலும் உயரவில்லை. அந்த டம்ளர் மில் கணக்கப்பிள்ளையாக நடித்தவருடையது. காட்சியில் பாதி முந்தின நாள் எடுத்தாகிவிட்டது, மீதியை எடுக்க வேண்டும். புதுத் தேநீர் போட்டார்கள். அந்தம்மா ஓர் ஈர்க்குச்சியை டம்ளருக்கு வெளியே வைத்து அளவு பார்த்து ஊற்றச் சொன்னார். ஊற்றியாயிற்று. பிறகு குனிந்து பார்த்து, “மேல ஆடை இல்லையே. நேத்து ஆடை இருந்தது,” என்றார். அதன்பின் கதாநாயகன், கேமராக்காரர், வெள்ளைக்காரப் போலீஸாக வேஷம் கட்டிய ஆறு பேர், எல்லோரும் ஒரு டம்ளரில் ஆடை படிவதற்காக விசிறாமல் காத்திருந்தோம். நான் மூச்சுகூடப் பலமாக விடவில்லை.

எனக்கு மைக்செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் என்று வாயால் பிழைக்கிறவன். வத்திராயிருப்பிலிருந்து ராஜபாளையம் வரை எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும் என்பதால், அந்தப் படத்துக்கு உள்ளூர் ஆட்களைக் கூட்டிவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெள்ளைக்காரன் காலத்து மில் வேலைநிறுத்தம் பற்றிய படம். பிற்பாடு பல ஊர்களுக்குப் போய்ப் பரிசுகளோடு திரும்பியது. அப்போது அதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? அந்தம்மா எங்கே நிற்கிறார் என்பது மட்டும்தான் எப்போதும் தெரிய வேண்டியிருந்தது.

அவருடைய வேலைக்குக் கன்டினியூட்டி என்று பெயர். ஒரு காட்சியைப் பத்துத் துண்டாகப் பத்து நாளில் எடுப்பார்கள். ஒட்டிப் பார்க்கும்போது ஒரே மூச்சில் நடந்தது போல இருக்க வேண்டும். முதல் துண்டில் இடத்தோளில் கிடந்த துண்டு அடுத்ததில் வலத்தோளுக்குப் போய்விடக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். நான் கூட்டிவந்த ஆட்களுக்குக் கன்டினியூட்டி என்பது வாயில் நுழையவில்லை. இரண்டாம் நாளே ‘கண்ணுட்டியம்மா’ என்று ஆக்கிவிட்டார்கள். பொருத்தமாகவே இருந்தது. “ஏலே, கண்ணுட்டி வாராவ, கைய எங்க வச்சிருந்தியோ அங்கனயே வையி,” என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்வார்கள். சொந்தப் பெயர் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘மேடம்’. இயக்குநருக்குக்கூட.

வெளுத்த பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் நாடா போட்டுத் தொங்கும் போன். அதில் படம் எடுப்பார். ஆனால் படத்தை நம்ப மாட்டார், தாளில் எழுதியதைத்தான் நம்புவார். எந்த மனிதரையும் காலிலிருந்து தொடங்கி மேலே பார்ப்பார். முகம் கடைசியில்தான். அவரிடம் இருந்தது இரண்டே காலம்: ‘நேத்து’, ‘இப்போ’. போன மாதம் எடுத்த துண்டும் நேத்துதான், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்ததும் நேத்துதான். ஒன்று போல இல்லாததை ஒன்று போல இருக்கிறது என்று சொல்ல அந்தம்மாவுக்கு வாய் வராது. இயக்குநர் கெஞ்சினாலும், வெளிச்சம் போனாலும், சோறு ஆறினாலும் வராது.

ஒரு முறை அவரைக் குளிர்விக்கலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். என் நெஞ்சு குளிர்ந்தது. மறுநாளும் வாங்கிப் போனேன். வழக்கமான கடையில் கூட்டமாக இருந்ததால் பக்கத்துக் கடை. ஒரு விள்ளல்தான். “இது நேத்து வாங்கின கடை இல்லை,” என்றார். மூன்றாம் நாளிலிருந்து பால்கோவாவை நானே தின்றுகொண்டேன்.

நாய் விஷயம் அதைவிட மோசம். படத்தில் மில் முதலாளி காலடியில் ஒரு வெள்ளை நாய் படுத்திருக்கும். எங்கள் ஊர் ஜாதி நாய். மூன்றாம் நாள் அதற்கு வயிறு சரியில்லை. நாயின் சொந்தக்காரர் தெலுங்கு பேசும் ராஜபாளையத்துக்காரர், எனக்குப் பழக்கம். “கவலப்படாத, இதோட தம்பி வீட்டுல இருக்கு. ஒரே வயித்துல பொறந்தது. பெத்த தாய்க்கே வித்தியாசம் தெரியாது,” என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார். எனக்கும் தெரியவில்லை. அந்தம்மா வந்தார். குனிந்தார். காலிலிருந்து பார்த்தார். மூக்குக்கு வந்ததும் நிறுத்தினார்.

“நேத்து இந்த மூக்குல ஒரு புள்ளி இருந்தது.”

நாய்க்காரர் இரண்டடி பின்வாங்கி, “இவேம் கள்ளுரா,” என்று முணுமுணுத்தார். தெலுங்கில் என்ன கண்களடா இவை என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற என் ஆள் பேச்சிமுத்து அந்தக் கடைசி வார்த்தையைத் தமிழில் எடுத்துக்கொண்டு, “எங்கண்ணே கெடைக்கு?” என்று ஆவலாக நெருங்கிவந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெருவில் இரண்டு நாள் எடுத்தார்கள். தூரத்தில் கோபுரம் தெரிய வேண்டும், கேபிள் வயர் தெரியக்கூடாது. முதல் நாள் ஒரு வீட்டு வாசலில் கோலம் விழுந்திருந்தது. மறுநாள் காலை போனால் வேறு கோலம். அந்த வீட்டம்மாவிடம் பழையதைத் திரும்பப் போடச் சொன்னேன்.

“நல்லாருக்கே. நேத்துப் போட்ட கோலத்தையே இன்னைக்கும் போட்டா எதுத்த வீட்டுக்காரி என்ன நெனைப்பா? இவளுக்கு ஒரு கோலந்தான் தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிருவா. நீங்க வேற வாசலப் பாருங்க.”

நான் திரும்பிப் பார்த்தபோது அந்தம்மா புடவையைச் செருகிக்கொண்டு, வாசலைக் கழுவிவிட்டு, தானே புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். போனைப் பார்த்துப் பார்த்து, முதல் நாள் ஓரிடத்தில் இழை கொஞ்சம் நடுங்கியிருந்ததைக்கூட அதே போல நடுக்கி இழுத்தார். வீட்டம்மா நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, “எங்கையி இதவிட நல்லாத்தான் இருக்கும்,” என்றாள். “ஆமா, நேத்து நல்லாத்தான் இருந்தது,” என்றார் அந்தம்மா. வீட்டம்மாவுக்கு இது புகழ்ச்சியா என்று புரியவில்லை. எனக்கும்தான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. ராத்திரி கனவில்கூட அவர் என் வேட்டியின் கரையைப் பார்த்து, “நேத்து பச்சை,” என்பார்.

இனி வேலைநிறுத்தக் காட்சிக்கு வருகிறேன். மில் கேட்டுக்கு முன்னால் அறுபது தொழிலாளிகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதாநாயகன் எழுந்து பேசுகிறான். போலீஸ் வருகிறது. கதைப்படி எல்லாம் ஒரே பகலில். படத்துக்கே உயிர் அந்தக் காட்சிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அறுபது பேரும் நான் கூட்டிவந்தவர்கள். கதாநாயகனின் வலத்தோளுக்குப் பின்னால், எந்தப் பக்கம் கேமரா வைத்தாலும் தெரிகிற இடத்தில், கான்சாபுரத்து அவில்தார் அண்ணாச்சி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அடர்ந்த நரைமுடி, இரண்டு கன்னத்துக்கும் பாதியை எடுத்துக்கொண்ட மீசை, சுவரில் ஆணியடித்தது போல நிமிர்ந்த முதுகு. இயக்குநர் அவரைப் பார்த்த உடனேயே முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான்கு நாளில் பாதி எடுத்தார்கள். கதாநாயகன் பேச்சு முடிந்தது. போலீஸ் வருவது பாக்கி. அதற்குள் அவனுக்கு வேறு படத்தில் வேலை வந்துவிட்டதால் பதினோரு நாள் இடைவெளி. கிளம்பும் முன் அந்தம்மா என்னைக் கூப்பிட்டார்.

“அறுபது பேருக்கும் முடியும் மீசையும் இப்படியே இருக்கணும். வர்ற அன்னைக்குக் காலையில தாடியை மட்டும் சவரம் பண்ணிட்டு, நேத்து மாதிரியே வந்து உட்காரணும். ஒருத்தர் மாறினாலும் எடுத்த நாலு நாளும் வீண். நீங்க பொறுப்பா?”

“நான் பொறுப்பு மேடம். ஒரு முடி அசையாது.”

வாய்க்குப் பூட்டுப் போடக் கடவுள் ஏன் மறந்தார் என்று தெரியவில்லை. அதே வேகத்தில் போய் மைக்கைப் பிடித்தேன். மைக்கைப் பிடித்தால் எனக்கு விஷயம் சுருங்கிவிடும், சத்தம் பெருகிவிடும். “பதினோரு நாளைக்கு யாரு தலையிலயும் மூஞ்சியிலயும் கத்தி படக்கூடாது,” என்று அறிவித்தேன்.

எங்கள் பக்கம் இந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான். விரதம்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், “எந்தச் சாமிக்கு?” என்று கேட்டார்.

“கண்ணுட்டியம்மாவுக்கு,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் ஜோக்கடிக்கிறவன் ஆயிற்றே.

இடைவெளியின் இரண்டாம் நாள் காலை பேச்சிமுத்து போன் செய்தான். “அண்ணே, அவில்தாரோட அய்யா தவறிட்டாக.”

எனக்கு முதலில் வந்த நினைப்பு, மீசை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் வந்தது. மூத்த பிள்ளை. கொள்ளி வைக்கிறவர். சுடுகாட்டில் உட்கார வைத்துத் தலை, மீசை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். மனக்கண்ணில் அந்தம்மா குனிந்து, காலிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தார்.

பைக்கை எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை வாங்க நின்றபோது பூக்கார அம்மாவை அவசரப்படுத்தினேன். “செத்தவுக எங்கயும் போயிர மாட்டாகய்யா,” என்றாள். செத்தவருக்காக நான் ஓடவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வத்திராயிருப்பு ரோட்டில் டவுன் பஸ்ஸை முந்தினேன், எதிரே வந்த நெல் டிராக்டர்க்காரன் என் பரம்பரையையே விசாரித்தான். கான்சாபுரம் போய்ச் சேர்ந்தால் வீட்டில் ஆண்கள் இல்லை. ஓடைக்கரைச் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி ஈர வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே முடி எடுக்கிறவர் கத்தியில் பிளேடை மாட்டிக்கொண்டிருந்தார். சுற்றி முப்பது நாற்பது பேர், பாதிப்பேர் பட்டாளம் அல்லது போலீஸ். மாலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றிருக்கலாம். ஒரு மனிதன் அதைத்தான் செய்வான். நான் குனிந்து அண்ணாச்சி காதில், “அண்ணாச்சி, தலய எடுங்க, வேண்டாங்கல. மீசைய மட்டும் பதினாறாம் நாளு எடுத்துக்கிட்டா…” என்று தொடங்கினேன்.

அவர் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவர் மைத்துனர் காதில் விழுந்துவிட்டது.

“ஏலே, எழவு வீட்டுல வந்து மீச கேக்கியா?”

நாற்பது முகங்கள் திரும்பின. ஓடைக்கரையில் எந்தப் பக்கம் ஓடினால் பைக் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அண்ணாச்சி மைத்துனரைக் கையமர்த்திவிட்டு, முடி எடுக்கிறவரிடம், “எடுப்பா,” என்றார். முதலில் போனது மீசைதான். எல்லாம் முடிந்து, எழுந்து, வெறும் முகத்தோடு என்னைப் பார்த்து, “தேதி மறக்கல தம்பி. ஒத்துக்கிட்டேன், வந்துருதேன்,” என்றார்.

வராதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தம்மாவுக்காவது போன் செய்திருக்க வேண்டும். ஒன்பது நாளில் பலமுறை எண்ணை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். ஒரு முறை அவரே திரும்ப அழைத்தார். “கூப்பிட்டீங்களா?” “இல்ல மேடம், பையில கெடந்து தன்னால போயிருச்சு.” “சரி,” என்றார். அந்த ‘சரி’யை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பதிலாக மேக்கப் உதவியாளரிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, நரைமுடி விக்குக்கும் மீசைக்கும் ஏற்பாடு செய்தேன்.

பதினோராவது நாளும் முடிந்து, மறுநாள் காலை வேன்கள் மில்லுக்கு வந்தன. இறங்கியவர்களைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. ஒருவர் விடாமல் தாடி. பதினோரு நாள் தாடி. பேச்சிமுத்து செருப்புக்கூடப் போடவில்லை. “கறி தொடல அண்ணே, சுத்தமா இருக்கேன்,” என்றான் பெருமையாக.

“ஏலே, உன்னய யாரு விரதம் இருக்கச் சொன்னது?”

“நீங்கதான மைக்குல சொன்னீக, கத்தி படக்கூடாதுன்னு.”

தாடி பரவாயில்லை, எடுத்துவிடலாம். மூன்று சவரக்காரர்களைப் பிடித்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். முதல் ஆளாகப் பேச்சிமுத்துவை உட்கார்த்தி, ஒரு கன்னம் முடிந்தது. அந்தப் பக்கம் அண்ணாச்சி முகம் மழித்து, விக்கும் ஒட்டு மீசையுமாக, சொன்ன நேரத்துக்கு முன்பே தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்துப் பழக்கம். தூரத்திலிருந்து பார்த்தேன். அச்சு அசல். தப்பித்தோம் என்று நினைத்தபோது கான்வாஸ் ஷூ சத்தம் கேட்டது. அந்தம்மாவும் சொன்ன நேரத்துக்கு முன்பே வருகிறவர். மரத்தடிக்குப் போகாமல் நேரே முன்வரிசைக்குப் போனார். அட்டையைப் பார்த்தார். அண்ணாச்சியின் காலிலிருந்து தொடங்கினார்.

நான் பின்னால் போய் நின்றேன். கால் மடித்த விதம் சரி. வேட்டி மடிப்பு சரி. கை மேல் கை சரி. துண்டு இடத்தோளில், சரி. மீசையில் நின்றார். அங்கிருந்து முடிக்குப் போனார். போய்விட்டார். கடந்துவிட்டார். என் உயிர் உடம்புக்குள் பாதி திரும்பியது. அப்போது அவர் பக்கவாட்டில் நகர்ந்து, குனிந்தார்.

“நேத்து முதுகு நிமிர்ந்து இருந்தது.”

“நிமிந்து உக்காருதேம்மா,” என்று அண்ணாச்சி முதுகை நிமிர்த்தினார். நின்றது. பத்து எண்ணுவதற்குள் தானாக இறங்கிவிட்டது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடி இறங்கியது.

“வயசு மேடம், மூட்டு வலி,” என்றேன் நான்.

“பதினோரு நாள்லயா?”

அந்தம்மா அவருக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார். “என்ன ஆச்சுங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

அவர் எழுந்திரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சியின் கண்ணில் நீர் நின்றது. விக் ஒட்டுகிற பசை காட்டம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என வேண்டிக்கொண்டேன்.

“எங்கய்யா தவறிட்டாக,” என்றார் அண்ணாச்சி. “இன்னைக்குப் பத்தாம் நாளு.”

அந்தம்மா கையை நீட்டி விக்கின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார். “எரியுதா?”

“லேசா. புதுசா மழிச்ச தல பாருங்க.”

“விக்கையும் மீசையையும் கழட்டுங்க,” என்று மேக்கப்காரர்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார், முதல் முறையாக முகத்திலிருந்து தொடங்கி. ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லலாமா என்று தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை.

இயக்குநர் ஓடிவந்தார். பத்து நாள் முளைத்த முள்ளோடு ஒரு மொட்டைத் தலை, மரத்தடியில் ஐம்பத்தொன்பது தாடி. தலையில் கைவைத்துக்கொண்டார். “நாலு நாள் எடுத்தது போச்சா மேடம்?”

“போகலை. அது முதல் நாள். இது பன்னெண்டாம் நாள்.”

“ஸ்கிரிப்ட்ல ஒரே நாள்தானே?”

“இவங்களுக்குப் பதினோரு நாள் ஓடிருச்சே. பாருங்க.” மரத்தடியைக் காட்டினார். “போலீஸ் அன்னைக்கே வரணும்னு இல்லை. பன்னெண்டாம் நாள் வரட்டும். ஹீரோ இன்னைக்கு எடுக்கிறதுல ‘காலையில உட்கார்ந்தோம்’னு ஒரு வரி சொல்றார். அதை மட்டும் மாத்துங்க. அவருக்குத் தாடி ஒட்டணும்.”

“இவரு?”

“அறுபது பேர் இத்தனை நாள் வேலைக்குப் போகாம உட்கார்ந்திருந்தா, ஒரு வீட்டுலயாவது சாவு விழாதா சார்?”

இயக்குநர் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தம்மா திரும்ப அண்ணாச்சியின் எதிரே உட்கார்ந்தார். “உங்க தலை படத்துல தெரியலாமா? வேண்டாம்னா வேண்டாம். இப்பவே வண்டி சொல்றேன், வீட்டுக்குப் போங்க.”

அண்ணாச்சி தலையைத் தடவிக்கொண்டார். “கொள்ளி வச்ச தலைம்மா. இதுல ஒளிக்கதுக்கு என்ன இருக்கு? இருக்கேன்.”

சவரக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பேச்சிமுத்து மட்டும் ஒரு கன்னம் வழவழப்பாக, “எனக்கு மீதிய எடுக்கவா, வேண்டாமா?” என்று கேட்டான். மழித்த கன்னம் கேமராவுக்குத் தெரியாதபடி கடைசி வரிசை ஓரத்தில் அவனை உட்கார வைத்தார் அந்தம்மா. படம் பார்க்கிறவர்கள் கூர்ந்து பார்த்தால், போலீஸ் வரும்போது எல்லோரும் கேட்டுப் பக்கம் திரும்ப, ஓர் ஆள் மட்டும் திரும்பாமல் அடம்பிடிப்பதைக் காணலாம். அவனுடைய கொள்கைப் பிடிப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கூட்டத்தில் பொய்த் தாடி கதாநாயகனுடையது ஒன்றுதான்.

கேமரா ஓடியது. அண்ணாச்சியை யாரும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. அவர் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், முதுகு அதன் போக்கில் இருந்தது. முடிந்ததும் அந்தம்மா தாளில் எழுதினார். என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு வரி எழுதினார்.

“என்ன எழுதுறீங்க மேடம்?” என்று கேட்டேன்.

“நடந்ததை.”

அவ்வளவுதான். இயக்குநரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை யாரும் துரத்தவில்லை. மீதி நாட்களில் இன்று சொல்வார், நாளை சொல்வார் என்று காத்துக் காத்தே மெலிந்தேன்.

படம் வெளியாகி, ராஜபாளையத்தில் மதியக் காட்சிக்கு அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன். மீசை பழையபடி வளர்ந்திருந்தது. அந்தக் காட்சி வந்தது. முதல் நாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், அடுத்து மொட்டைத் தலையும் வெறும் முகமுமாக. வசனம் இல்லை, விளக்கம் இல்லை. தியேட்டர் கப்பென்று அடங்கியது. பெரிய ஊர்ப் பத்திரிகைகள் அந்த ஒரு தலையைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. இயக்குநரின் நுட்பமாம்.

வெளியே வந்ததும் கூட்டம் அண்ணாச்சியைச் சூழ்ந்தது. “கலக்கிட்டீக. மொட்ட போட்டு, மீசைய எடுத்து… என்னா நடிப்பு,” என்று கைகொடுத்தார்கள். அவர் கையைக் கொடுத்துக்கொண்டே நின்றார். பைக்குக்கு நடக்கும்போது சொன்னார்:

“எங்கய்யாவுக்கு எடுத்த முடி தம்பி. நடிக்கதுக்கு எடுத்ததுன்னு ஆயிப்போச்சே.”

நானல்லவா அந்தத் தலையில் விக்கை வைத்துக் கூட்டிவந்தவன்.

வீட்டுக்குப் போய் அந்தம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த முறை துண்டிக்கவில்லை. அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். “ஒரு நிமிஷம்,” என்றார். சற்று நேரத்தில் போனில் ஒரு படம் வந்தது. அன்றைய தாள். அவர் கையெழுத்து. முன்வரிசை, வலம், மூன்றாம் ஆள் என்பதற்கு நேரே எழுதியிருந்தது: ‘தந்தை இறந்து பத்தாம் நாள். தலையும் மீசையும் அதற்கு எடுத்தவை. நடிப்பு இல்லை.’

மறுநாள் கான்சாபுரத்துக்குப் போய், அந்த எழுத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியைத் தேடிப் போட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பவும் படித்தார். “இத எனக்கு அனுப்பு தம்பி. இனிமே கைகொடுக்க வாரவனுக்கெல்லாம் காட்டணும்.”

அனுப்பினேன். ஆனால் அதே தாளில், அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘கூட்டி வந்தவருக்கு இது முன்பே தெரியும்.’ அண்ணாச்சி தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில், அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.